கூட்டத்தை விட்டுத் தனியே



மாலை ஏழு மணிக்கு நம் அவலூர்பேட்டைத் தெருக்களில் நடந்து வந்தால், காது மந்தமான பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. டிவி சத்தமே சொல்லிவிடும். அடுப்படியிலிருந்து மருமகள் குரல் கொடுப்பார்: "மாமா, சத்தத்தக் கொறைங்க, புள்ள படிக்குது." அதுவும் அவருக்குக் கேட்காது. பேரன் எழுந்து வந்து ரிமோட்டை வாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகு அவர் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரவுச் சாப்பாட்டில் யாராவது ஒரு வேடிக்கை சொல்ல, வீடே சிரிக்கும். அவரும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி. என்ன சொன்னார்கள் என்று தெரிந்து சிரித்த சிரிப்பில்லை அது. எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று சிரித்தது.

அந்தப் பிந்திய சிரிப்பை உங்கள் வீட்டில் கவனித்திருக்கிறீர்களா? கவனித்த பிறகு, அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, சொன்னதை இன்னொரு முறை சொன்னீர்களா? "ஒண்ணுமில்ல தாத்தா, விடுங்க" என்று போய்விட்டோமா?

இன்று பொதுக்காலத்தின் 23ஆம் ஞாயிறு. மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் காது கேளாத ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். தெக்கப்பொலிப் பகுதி, சுற்றிலும் கூட்டம். கை வைத்துக் குணமாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கூட்டத்தின் நடுவிலேயே ஒரு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். அவரால் முடியாதா என்ன? ஆனால் இயேசு முதலில் அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். பிறகு தம் விரல்களை அவருடைய காதுகளில் இடுகிறார். உமிழ்ந்து அவருடைய நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்து 'எப்பத்தா', அதாவது 'திறக்கப்படு' என்கிறார்.

காது கேளாத ஒருவரோடு பேசத் தெரிந்தவர் இப்படித்தான் செய்வார். இரைச்சலை விட்டு விலக்கிக் கூட்டிப்போவார், எதிரே நிற்பார், கையால் தொட்டுச் சொல்வார், முகத்தால் சொல்வார். அந்த மனிதருக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் தமக்கு என்ன நடக்கப் போகிறது என்பது ஒவ்வொரு அடியிலும் அவருக்குத் தெரிந்திருக்கும். குணமாவதற்கு முன்பே அவரோடு பேசிவிட்டார் ஆண்டவர். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புதுமையைவிட அந்தத் தனியே கூட்டிப்போனதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தப் பெருமூச்சையும் விட்டுவிட மனம் வரவில்லை. காது கேளாதவர் படும் களைப்பு அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்குப் பேச்சு தானாக வந்து காதில் விழுகிறது. அவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் உதட்டைப் பார்த்து, பாதியை ஊகித்து, தப்பாக ஊகித்தால் அசடு வழிந்து, மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. திருவிழாவோ கல்யாணமோ முடிந்து வீடு திரும்பும்போது அவர்கள் சோர்ந்துபோயிருப்பது இதனால்தான். அந்தச் சோர்வை ஆண்டவர் அறிந்திருக்கிறார்.

அன்பானவர்களே, காது எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். கோவிலில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஆண்டவர் படைத்த ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

சத்தம் காதுக்குள் போய்ச் செவிப்பறையில் மோதுகிறது. அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். கடைசி எலும்பு நம் உடம்பிலேயே மிகச் சிறியது, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அது அசைந்து, நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதுக்கு அதிர்வை அனுப்புகிறது. அங்கே ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்கள் நிற்கின்றன. அவை அசைந்தால்தான் மூளைக்குச் செய்தி போகும். காற்றடித்தால் நெற்பயிர் சாயும், காற்று நின்றால் நிமிரும். நாள்தோறும் மிதித்துக்கொண்டே இருந்தால் நிமிராது. முடிச் செல்களும் அப்படித்தான். ஒரு வேறுபாடு, பயிரை அடுத்த பட்டத்தில் மறுபடி நடலாம். மனிதக் காதில் செத்த முடிச் செல் மறுபடி முளைப்பதில்லை. பிறக்கும்போது கொடுத்ததோடு சரி.

நம் பக்கத்தில் இந்தப் பயிரை மிதிப்பது எது? பாறைப் பூமி இது. கல் குவாரிக்கும் கிரஷருக்கும் போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஜாக் ஹாமர் பிடிக்கிறவர்கள், கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறவர்கள், போர் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவர்கள், ரைஸ் மில்லில் மூட்டை பிடிக்கிறவர்கள், மல்லாட்டை உடைக்கும் மிஷினில் நிற்கிற பெண்கள், அறுவடைக் காலத்தில் இரவு பகலாக நெல் மிஷின் ஓட்டுகிறவர்கள். பேண்டு செட்டில் டிரம் அடிக்கிற தம்பிகளும் பம்பை அடிக்கிறவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 அளவில் இருக்கும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், அதற்கு மேல் ஆபத்து என்பது உலகில் பலரும் ஏற்றுக்கொண்ட வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. 100ஐத் தொட்டால் கால் மணி நேரம்தான். ஜாக் ஹாமர் பிடிக்கிறவர் காலை டீக்கு முன்பே அந்தக் கால் மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறார். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 90 வரை எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கின்றன. அந்தச் சலுகை காதுக்குத் தெரியாது.

அளக்கக் கருவி இல்லையே என்றால் ஒரு வழி உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறவரோடு பேசக் கத்த வேண்டியிருந்தால், அந்த இடம் காதுக்கு ஆகாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ரீங்காரம் இருந்தால், மனைவி பேசுவது துணி மூடிய மாதிரிக் கேட்டால், அன்றைக்குக் காது அடிபட்டிருக்கிறது. ஓரிரு நாளில் சரியாகிவிட்டது போலத் தெரியும். நம்பிவிடாதீர்கள். பஞ்சு அடைத்துக்கொள்வது பெரிதாக ஒன்றும் தடுக்காது. நுரையால் செய்த காது அடைப்பான் இரண்டு டீ காசுக்குக் கிடைக்கிறது. விரலால் உருட்டி ஒடுக்கிக் காதுக்குள் விட்டால் உள்ளே போய் விரியும். கிரஷரில் நிற்கிறவர்களுக்கு ஹெட்போன் மாதிரி மேலே போட்டுக்கொள்ளும் காதுமூடி இன்னும் நல்லது.

இங்கே மில் வைத்திருப்பவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள், பத்துப் பேருக்குக் கூலி கொடுப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் பார்த்துக் கேட்கிறேன். ஆளுக்குக் கூலி கொடுக்கிறீர்கள், சாப்பாடு கொடுக்கிறீர்கள், நல்ல நாளில் துணியும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அவர் உங்களிடம் விட்டுப் போகும் காதுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? ஐம்பது வயதில் அவர் பேத்தியின் பேச்சைக் கேட்க முடியாமல் போனால், அது உங்கள் கணக்கில் வராத செலவா? கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாளைக் காலையில் ஒரு பெட்டி அடைப்பான் வாங்கி வைக்கிற அளவுக்கு இது எளிது. போட மாட்டோம் என்று ஆட்கள் அடம் பிடிப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். வேளாங்கண்ணியில் கொடியேறினால் காவி உடுத்தி நடைபயணம் கிளம்புகிறோம். நல்ல பக்தி, நல்ல தவம். முன்னால் மாதா படம் வைத்த வண்டி, அதன் மேல் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் நாள் முழுக்க நடக்கிறார்கள் நம் பிள்ளைகள். சில தாய்மார்கள் கைக்குழந்தையோடு நடக்கிறார்கள். நம் ஊர்த் தேர்பவனியில் அதிர்வேட்டு. பூசை தொடங்கும் முன்பே கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கியில் விடிகாலைப் பாட்டு. கேட்டால், ஆண்டவருக்குச் செய்கிறோம் என்கிறோம்.

சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் ஒரு கிறிஸ்தவ சபை இருந்தது, நம் சபை இல்லை, வேறொன்று. ஒலிபெருக்கி, டிரம், கிட்டார் வைத்துச் செபம் நடத்தினார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் தாங்க முடியாமல் நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னது. சபை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். முதியோர், நோயாளிகள், சின்னக் குழந்தைகள் ஆகியோரின் நிலையையும் நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். அதே 2000இல்தான் ஒலி மாசு விதிகளும் வந்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மற்றவர்கள் கடைப்பிடிக்கிறார்களா என்று சிலர் கேட்பீர்கள். அவர்களுக்கு நான் பங்குத்தந்தை இல்லையே.

ஒரு நீதிமன்றம் நமக்கு நற்செய்தியை நினைவூட்ட வேண்டியிருந்தது கொஞ்சம் வெட்கமான காரியம்தான். ஆனால் இதில் ஆறுதலும் உண்டு. கெத்சமனித் தோட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆண்டவரைப் பிடிக்க வந்தவர்களில் தலைமைக் குருவின் பணியாளர் ஒருவர், மால்கு என்று பெயர். பேதுரு வாளை உருவி அவருடைய வலக் காதை வெட்டிவிட்டார். யார்? திருச்சபையின் முதல் தலைவர். எதற்காக? ஆண்டவர் மேல் வைத்த பாசத்தினால். அந்தக் காதை இயேசு தொட்டுக் குணமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். கைது செய்யப்படும் நேரத்திலும் நம் ஆள் வெட்டிய காதைத் தொட்டு ஒட்டவைத்துவிட்டுத்தான் போனார். பேதுருவைத் தள்ளிவிடவும் இல்லை, அவருக்குக் கொடுத்த விண்ணரசின் திறவுகோலைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. வாளை உறையில் போடச் சொன்னார், அவ்வளவுதான். நாமும் ஸ்பீக்கர் குமிழைக் கொஞ்சம் இடப் பக்கம் திருப்பினால் போதும். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காதை வெட்ட வாள் வேண்டும் என்பதில்லை. இதைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். கோபத்தில் கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைகிறோம். உள்ளங்கை காது வாயை மூடி விழும்போது அடைபட்ட காற்று செவிப்பறையைக் கிழித்துவிடும். குடித்துவிட்டு வந்து மனைவியை அறைகிற கணவன், பாடம் வரவில்லை என்று பிள்ளையை அறைகிற அப்பா, ஒழுக்கம் கற்றுக்கொடுப்பதாக நினைத்து அறைகிற ஆசிரியர், எல்லாருடைய கையிலும் அந்த வாள் இருக்கிறது. "கீழ விழுந்துட்டேன் டாக்டர்" என்று பெண்கள் மருத்துவமனையில் சொல்லும் பொய்க்குப் பின்னால் எத்தனை அறைகள் இருக்கின்றன? செய்தவர்கள் இங்கே இருந்தால், ஆண்டவர் உங்களையும் தனியே அழைக்கிறார். கூட்டத்தின் முன் உங்களை அவமானப்படுத்த அவருக்கு விருப்பமில்லை. ஒப்புரவுக்கு வாருங்கள். அதற்கு முன்னால் அவர்களைக் காது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சின்னக் கிழிசல் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது.

பிள்ளைகளின் காதுக்கு நாம் அன்பாகவே செய்கிற கெடுதல்களும் உண்டு. சளி பிடித்துக் காதில் சீழ் வடிந்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறோம். சிலர் தாய்ப்பால் விடுகிறார்கள். சீழ் வெளியே வருகிறதென்றால் பெரும்பாலும் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கும். ஊற்றியதெல்லாம் உள்ளே போய்ப் புண்ணை ஆழமாக்கும். எதையும் ஊற்றாமல், குளிக்கும்போது தண்ணீர் படாமல், மருத்துவரிடம் காட்டினால் சரி செய்துவிடலாம். வருடக்கணக்கில் விட்டால் கேட்கும் திறன் போவதோடு, சீழ் மூளைப் பக்கம் பரவவும் கூடும். அப்புறம் குறும்பி. அது அழுக்கு என்று யார் சொன்னார்களோ, தீக்குச்சி, ஊக்கு, கோழி இறகு, வண்டிச் சாவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் விட்டுக் குடைகிறோம். பிரசங்க நேரத்தில் பின் பெஞ்சில் வண்டிச் சாவி காதுக்குள் போவது பீடத்திலிருந்து நன்றாகவே தெரிகிறது. குறும்பி ஆண்டவர் வைத்த காவல், தானாக வெளியே வந்துவிடும். நாம் குடைந்தால் இன்னும் உள்ளேதான் போகும்.

வாலிபப் பிள்ளைகளுக்கு ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் சத்தமாகப் பாட்டுக் கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறது. பேருந்தில் திருவண்ணாமலைக் கல்லூரிக்குப் போகும்போது வண்டி இரைச்சலை அமுக்க இயர்போன் சத்தத்தை ஏற்றுகிறீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக்கொள்ளுங்கள், நடுநடுவே கழற்றுங்கள். இது தெரியாத விஷயமில்லை உங்களுக்கு, ஆகையால் நீட்டவில்லை.

பிறவியிலேயே காது கேளாத குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் வேறு மாதிரிப் பேச வேண்டும். "கிரகணத்துல வெளிய போனேன்", "வயித்துல இருக்கும்போது யாரோ சாபம் விட்டாங்க" என்று மனம் நொந்துபோகிறீர்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்து, இவர் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொன்னார். அதை உங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காரணங்கள் வேறு. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா அம்மை வந்தால் குழந்தையின் காது பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பள்ளிகளில் போட்ட தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி அதற்காகவும்தான். மிகக் குறைந்த எடை, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், சில வகை ஊசிமருந்துகள், இவையும் காரணமாகலாம்.

சொந்தத்தில் திருமணமும் ஒரு காரணம். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும், அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் செய்கிறோம். இருவருக்கும் ஒரே முன்னோரிடமிருந்து மறைவாக வந்த ஒரே குறை, குழந்தையில் இரண்டு பக்கமும் சேர்ந்து வெளிப்பட்டுவிடுகிறது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆகாது, ஆனால் வாய்ப்பு கூடுகிறது. திருச்சபைச் சட்டம் இந்த உறவுகளில் திருமணத்தைத் தடுத்தே வைத்திருக்கிறது. விதிவிலக்கு வேண்டுமென்றால் ஆயரிடம் எழுதிக் கேட்க வேண்டும். நிலம் வெளியே போகக் கூடாது, நகை வெளியே போகக் கூடாது என்று அந்தக் கடிதத்தோடு என்னிடம் வரும்போது, பெண்ணிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். ஏற்கெனவே திருமணமாகிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். குழந்தை பிறந்தவுடன் காதைச் சோதித்துவிடுங்கள். தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை "லேட்டாப் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆறு வயதுக்குள் என்றால், உள்காதில் கருவி பொருத்தும், லட்சக்கணக்கில் செலவாகும் காக்ளியர் அறுவை சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்து தருகிறார்கள். அதற்குப் பின் பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் கூட்டிப்போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கருவி பலிக்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கைமொழி இருக்கிறது. அது குறைந்த மொழி இல்லை. 1600களின் தொடக்கத்தில் புனித பிரான்சிஸ் சலேசியார், மார்ட்டின் என்ற காது கேளாத இளைஞருக்குச் சைகையாலேயே மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து நற்கருணை கொடுத்தார். காது கேளாதோரின் பாதுகாவலர் அவர். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறது. 2024 மே மாதம் திருச்சூரில் ஜோசப் தேர்மடம் என்பவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியாவில் காது கேளாத முதல் கத்தோலிக்கக் குரு என்று அறியப்படுகிறார். கைகளாலேயே திருப்பலி நிறைவேற்றுகிறார். நம் திருமுழுக்குச் சடங்கில் குரு குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் எப்பத்தாச் சடங்கு இருக்கிறதல்லவா? காது கேளாத குழந்தைக்கும் அதை அப்படியே செய்கிறோம். இறைவார்த்தை அந்தக் குழந்தைக்கு எந்த வழியில் போகும் என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். நாம் செய்ய வேண்டியது நாலு சைகையாவது கற்றுக்கொள்வது.

மறுபடி நம் வீட்டுப் பெரியவரிடம் வருகிறேன். வயதானால் முதலில் கீச்சென்ற ஓசைகள் போகும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் பிசகும், ஆண் குரல் கேட்கும். அதனால்தான் மருமகள் கூப்பிட்டால் கேட்காதவருக்கு மகன் கூப்பிட்டால் கேட்கிறது. "வேணுங்கிறது மட்டும் கேக்குது" என்று இதை வைத்து எத்தனை சண்டை! சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் இன்னும் வேகமாகக் கெடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தூங்கி எழுந்தபோது திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால் அடைப்பு என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கோ மறுநாளோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். முதல் சில நாட்களில் கொடுக்கும் மருந்துக்குத்தான் பலன் அதிகம்.

சாமுவேல் இரண்டாம் நூலில் பர்சில்லாய் என்று ஒரு பெரியவர் வருகிறார். எண்பது வயது. தாவீது மகனுக்குப் பயந்து ஓடியபோது சோறு போட்டுக் காத்தவர். வெற்றி பெற்றுத் திரும்பும் அரசர், என்னோடு எருசலேமுக்கு வாருங்கள், வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று அழைக்கிறார். சாப்பாட்டு ருசியும் தெரியவில்லை, பாடகர்கள் பாடுவதும் காதில் விழவில்லை, உமக்கு நான் ஏன் சுமையாக வேண்டும் என்று பெரியவர் மறுத்துவிடுகிறார். தமக்குப் பதிலாக இளையவர் ஒருவரை அனுப்பிவைக்கிறார். தாவீது அவரை முத்தமிட்டு, ஆசி கூறி அனுப்புகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அரண்மனைக் கச்சேரியில் உட்கார்ந்து கேட்காமல் தவிப்பதைவிடத் தம் ஊரில் இருப்பதே மேல் என்று நினைத்திருக்கிறார் அவர். நம் பெரியவர்களும் இப்படித்தான் கல்யாணத்துக்கு வர மறுக்கிறார்கள், வாசல் பக்கம் தனியே ஒதுங்குகிறார்கள், பிறகு கோவிலுக்கும் வருவதில்லை. சுமை என்று தம்மையே நினைத்துக்கொள்கிறார்கள். கேட்காமை மனிதரைத் தனிமைப்படுத்துகிறது, தனிமை மூளையையும் மங்கவைக்கிறது. நடுவயதில் கேட்காமல் போவதைக் கவனியாமல் விட்டால் முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

காது மிஷின் வாங்கிக் கொடுங்கள். வசதி இல்லாதவர்கள் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாங்கிய மறுநாளே தட்டு விழும் சத்தமும் காக்கை கத்துவதும் தலையைக் குடையும். "இது வேணாம்பா" என்று பீரோவில் வைத்துவிடுவார்கள். பல ஆண்டு கேளாமல் இருந்த மூளைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும் என்று எடுத்துச் சொல்லி, தினம் கொஞ்ச நேரம் போடவையுங்கள். மிஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதிரே போய் நின்று, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, தோளைத் தொட்டுவிட்டு, நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் வார்த்தை உடைந்துதான் போகும். காது கேளாதவரைச் சபிக்கக் கூடாது என்று லேவியர் நூலிலேயே சட்டம் இருக்கிறது. அவருக்குத்தான் கேட்கப் போவதில்லையே, திட்டினால் என்ன என்று நினைக்கிறவர்களுக்காகவே ஆண்டவர் அதைச் சொல்லிவைத்தார் போலிருக்கிறது. நம் தெருவில் பட்டப்பெயராகக் கூப்பிடுகிற அந்த ஒரு சொல்லை நான் இங்கே சொல்லப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். இன்றோடு விட்டுவிடுவோம்.

கடைசியாக, காது மந்தமான என் பெரியவர்களுக்கு. பாவசங்கீர்த்தனத்துக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள் சிலர். காரணம் எனக்குத் தெரியும். நான் சொல்வது உங்களுக்குக் கேட்க வேண்டுமென்று உரக்கச் சொன்னால், வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்டுவிடும். உங்கள் குரலும் உங்களுக்குத் தெரியாமல் ஏறிவிடும். அந்தப் பயம் நியாயமானது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூண்டுக்கு வராதீர்கள், சக்ரீஸ்துக்கு வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு, நன்றாகக் கேட்கும் காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நான் உட்காருகிறேன். அதுவும் கேட்காதவர்கள் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரலாம், எழுதத் தெரியாதவர்கள் சைகையால் காட்டலாம். திருச்சபை இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறது. நான் சொல்ல வேண்டியதை அதே தாளில் கீழே பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவேன். பாவமன்னிப்புச் சொல்லும்போது உங்கள் தலையில் கை வைக்கிறேன், அதனால் எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். தாளை உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவேன். வீட்டுக்கு எடுத்துப் போய் அடுப்பில் போட்டுவிடுங்கள்.